சைட்டாலஜி டெக்னாலஜிஸ்ட் பயிற்சி: ஃபீஸ் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி) முடித்தவர்களுக்கு ஹெமடாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி என்ற மூன்று பாதைகள் பளிச்சென்று தெரியும். சைட்டாலஜி, அதாவது செல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது, பாடப்புத்தகத்தில் சில பக்கங்களாக வந்துபோகும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் போனவர்கள் குறைவு என்பதால் விசாரிக்கவும் ஆள் கிடைப்பதில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. ஒரு வருட டிப்ளமோ, முடித்ததும் வேலை என்று நோட்டீஸ் அடித்திருந்த ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்ததில் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று. அங்கே இருந்தது ஒரே ஒரு இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப். ஒரு பக்கத்து ஐபீஸில் பூஞ்சை பிடித்திருந்தது. மரப்பெட்டியில் இருந்த பழைய ஸ்லைடுகளையே வருடம் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்தோம். சான்றிதழோடு வெளியே வந்து, பெரிய லேப் ஒன்றில் சம்பளமில்லாத டிரெய்னியாக மறுபடி முதலிலிருந்து தொடங்கிய பிறகுதான் இந்தத் தொழில் என்னவென்றே புரிந்தது. போன பணத்தைச் சம்பாதித்துவிடலாம். வீணாய்ப்போன அந்த ஒரு வருடம்தான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாடு. சைட்டோடெக்னீஷியன் என்றால் சாம்பிள் வாங்குவது, பதிவு செய்வது, ஸ்மியர் போடுவது (செல்லை ஸ்லைடில் மெல்லியதாகப் பூசுவது), ஸ்டெயின் பண்ணுவது (சாயமேற்றுவது), மவுன்ட் செய்வது (மேலே கவர்ஸ்லிப் ஒட்டுவது). சைட்டோடெக்னாலஜிஸ்ட் அதையெல்லாம் செய்துவிட்டு, ஸ்லைடை முதல் ஆளாக ஸ்கிரீன் பண்ணி (முழுக்க ஓட்டித் தேடிப் பார்த்து), சந்தேகப்படும் செல்லைக் குறித்து, ஒரு முதல்நிலைக் கருத்தோடு பேத்தாலஜிஸ்ட்டிடம் (நோயியல் மருத்துவர்) கொண்டுபோவார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது பேத்தாலஜிஸ்ட்தான். ஆனால் கூட்டம் அதிகமுள்ள லேபில், நீங்கள் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிய ஸ்லைடை அவர் முழுக்க மறுபடி ஓட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. வேலையின் கனமே அங்கேதான் இருக்கிறது. இந்தியன் அகாடமி ஆஃப் சைட்டாலஜிஸ்ட்ஸ் அமைப்பு இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனியாகத் தேர்வு நடத்துகிறது. 2021-இல் வந்த தேசிய துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் சைட்டோடெக்னாலஜிஸ்ட் தனிப் பெயராகவே இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் கோர்ஸ் இந்த இரண்டில் எதற்குத் தயார் செய்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் டெக்னாலஜிஸ்ட் என்று போட்டுவிட்டு, உள்ளே ஸ்டெயினிங் மட்டும் சொல்லித்தரும் இடங்கள் உண்டு.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது பார்ப்பது ஒன்றே ஒன்று: தினமும் புது ஸ்லைடு வருகிறதா, அதை விடை தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். புற்றுநோய் மருத்துவமனையோடு சேர்ந்த பயிற்சிக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் இந்தத் துறையில் பெயர் பெற்ற இடம். நொய்டாவில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அது 1979-இல் சைட்டாலஜி ஆராய்ச்சி மையமாகவே தொடங்கப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் இடம் கிடைப்பது கஷ்டம்தான், ஒரு வருடம் காத்திருந்தாலும் நஷ்டமில்லை. வேறு எங்கே விசாரித்தாலும் நேரில் போய் லேபைக் காட்டச் சொல்லுங்கள். மல்டிஹெட் மைக்ரோஸ்கோப் (பலர் ஒரே ஸ்லைடைச் சேர்ந்து பார்ப்பது) இருக்கிறதா, அது தூசி உறை போட்டு மூடிக் கிடக்கிறதா அல்லது ஓடிக்கொண்டிருக்கிறதா? பேப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து எடுக்கும் செல்), எஃப்.என்.ஏ.சி. (கட்டியில் மெல்லிய ஊசி குத்தி எடுக்கும் செல்), ஃப்ளூயிட் (சிறுநீர், சளி, நுரையீரல், வயிற்று நீர்) மூன்றும் வருகிறதா? ரிப்போர்ட் போவதற்கு முன்பே டிரெய்னி கைக்கு ஸ்லைடு வருமா, போன பிறகா? இந்தக் கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். விடை தெரிந்த ஸ்லைடைப் பார்ப்பதும் தெரியாத ஸ்லைடைப் பார்ப்பதும் வேறு வேறு வேலை. பயாப்ஸியும் அதே கட்டடத்தில் பார்க்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். நீங்கள் சந்தேகப்பட்ட கேஸின் திசு முடிவு இரண்டு வாரத்தில் உங்கள் கண்முன் வந்தால்தான் கண் திருந்தும். இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் ‘பிளேஸ்மென்ட்’ பற்றியே பேசுகிற ஆபீஸில் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

சேர்ந்ததும் மைக்ரோஸ்கோப்பில் உட்கார வைப்பார்கள் என்று நினைப்போம். நல்ல லேபில் முதல் சில மாதம் ஸ்டெயினிங் பெஞ்சில்தான் நிற்க வைப்பார்கள், கை முழுக்க ஆரஞ்சும் பச்சையுமாக. எடுபிடி வேலை என்று அப்போது மனசு சலிக்கும். உண்மையில் பாதி சைட்டாலஜி அங்கே இருக்கிறது. ஸ்லைடில் தெரிவது நோயா, நம் கைவேலையில் வந்த கோளாறா என்று பிரிக்கத் தெரியாதவர் ஸ்கிரீன் பண்ணவே கூடாது.

ஃபிக்சேஷனில், அதாவது செல்லைக் கெடாமல் நிலைநிறுத்துவதில், தொடங்கலாம். பேப் ஸ்மியர் எடுத்ததும், ஈரம் காய்வதற்குள், ஒன்றிரண்டு வினாடியில் ஆல்கஹாலுக்குள் போக வேண்டும். புத்தகம் 95 சதவீத எத்தனால், குறைந்தது 15 நிமிடம் என்று சொல்லும். நம்மூரில் எத்தனாலுக்கு எக்சைஸ் லைசென்ஸ், பதிவேடு என்று தலைவலி இருப்பதால் பல லேபில் ஐசோபுரோபைல் ஆல்கஹால்தான் ஓடும். அதை 95 சதவீதமாகக் கலக்கக் கூடாது, 80 சதவீதம் போதும். 80 மில்லி ஐ.பி.ஏ., 20 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர். ஐ.பி.ஏ. எத்தனாலைவிட அதிகமாகச் செல்லைச் சுருக்கும் என்பதால் இந்த அளவு. ஸ்மியர் காற்றில் காய்ந்துவிட்டால் நியூக்ளியஸ் பெருத்து, வெளுத்து, குரோமட்டின் (நியூக்ளியஸுக்குள் இருக்கும் மரபுப்பொருள்) கலங்கிப்போகும். சைட்டோபிளாசம் தேவையில்லாத இடத்தில் ஆரஞ்சாகும். பெருத்த நியூக்ளியஸைப் பார்த்துப் புதியவர்கள் டிஸ்பிளாசியா (புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்) என்று பதறுவது பெரும்பாலும் இந்த ஸ்லைடுகளில்தான். ஸ்ப்ரே ஃபிக்சேட்டிவ் என்றால் ஓர் அடி தூரத்தில் பிடித்து அடிக்க வேண்டும். கிட்டத்தில் அடித்தால் செல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் குவியும். ஸ்ப்ரேயின் மெழுகுப் படலத்தை ஸ்டெயினுக்கு முன் ஆல்கஹாலில் பத்து நிமிடமாவது ஊறவைத்துப் போக்கவில்லை என்றால் ஹெமடாக்சிலின் (நியூக்ளியஸுக்கு நிறமேற்றும் சாயம்) உள்ளே இறங்காது. பெயரும் நம்பரும் ஃப்ராஸ்டட் முனையில் பென்சிலில் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். ஃப்ராஸ்டட் இல்லாத ஸ்லைடு என்றால் டயமண்ட் பென்சில். ஒரே ஜாரில் பல ஸ்லைடு வைக்கும்போது ஒன்று விட்டு ஒன்றுக்குப் பேப்பர் கிளிப் மாட்டிவிடுங்கள், ஸ்மியர் பக்கம் ஒன்றோடொன்று உரசாது. எந்தப் புத்தகமும் இந்தக் கிளிப்பைப் பற்றிச் சொல்லி நான் பார்க்கவில்லை. பெஞ்சில் நின்ற ஓர் அக்கா காட்டிக்கொடுத்தது.

பேப் ஸ்டெயின் வரிசை லேபுக்கு லேப் மாறும். ஒரு நடைமுறை வரிசை இப்படி இருக்கும். ஃபிக்ஸ் ஆன ஸ்லைடை 80, 70, 50 சதவீத ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்குக் கொண்டுவந்து, ஹாரிஸ் ஹெமடாக்சிலினில் 3 நிமிடம். தண்ணீரில் அலசி, 0.5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மூன்று முக்கு, உடனே ஓடும் தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம். இந்த இடத்தில் நியூக்ளியஸ் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும். அப்புறம் 50, 70, 80, 95 என்று ஏற்றிக்கொண்டு போய், ஓ.ஜி. 6 என்ற ஆரஞ்சுச் சாயத்தில் ஒன்றரை இரண்டு நிமிடம், 95 சதவீத ஆல்கஹாலில் இரண்டு அலசல், சைட்டோபிளாசத்துக்கான இ.ஏ. 50 சாயத்தில் 3 நிமிடம், மறுபடி 95-இல் இரண்டு அலசல், அப்சல்யூட் ஆல்கஹால் இரண்டு மாற்று, சைலீன் இரண்டு மூன்று மாற்று, டி.பி.எக்ஸ். பசை போட்டு கவர்ஸ்லிப். அமிலத்தில் ஒரு முக்கு கூடினாலும் நியூக்ளியஸ் வெளுத்துவிடும், குறைந்தால் சைட்டோபிளாசத்தில் ஹெமடாக்சிலின் மிச்சமிருந்து எல்லா செல்லும் இருண்டு தெரியும். நேரத்தை மனப்பாடம் பண்ணுவதைவிட, ஓடும் தண்ணீரிலிருந்து ஒரு ஸ்லைடை ஈரத்தோடு எடுத்து 10 எக்ஸ் லென்ஸில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உதவும். நியூக்ளியஸ் தெளிவான நீலமாகவும் சைட்டோபிளாசம் ஏறக்குறைய நிறமில்லாமலும் இருந்தால் மேலே போகலாம். தப்பிருந்தால் அந்த இடத்தில் சரிசெய்யலாம், இ.ஏ.வுக்குப் போன பிறகு அத்தனையும் திரும்ப அவிழ்க்க வேண்டும்.

கோளாறுகள் பெரும்பாலும் தண்ணீரிலும் ஆல்கஹாலிலும்தான் வரும், டையில் அல்ல. லேபில் புதிதாக ஆர்.ஓ. மெஷின் மாட்டிய வாரம் நியூக்ளியஸ் எல்லாம் ஊதாச் சிவப்பாக நிற்கும். எல்லோரும் ஹெமடாக்சிலின் பாட்டிலைத் திட்டுவார்கள். நீலமாவதற்குக் காரம் வேண்டும். நம்மூர் போர் தண்ணீரில் அது இயல்பாகவே இருக்கிறது, ஆர்.ஓ. தண்ணீரில் இல்லை. குழாய்த் தண்ணீருக்குத் திரும்புங்கள், அல்லது காரத்தன்மையுள்ள ஸ்காட்ஸ் கரைசல் பயன்படுத்துங்கள். ஹெமடாக்சிலின் செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டைக் குழாய்த் தண்ணீரில் விடுங்கள். உடனே நீல ஊதாவாக மாறினால் உயிரோடு இருக்கிறது, சிவப்பும் பழுப்புமாகவே நின்றால் கொட்டிவிடலாம். தினமும் காலையில் அதன் மேல் உலோகப் பளபளப்போடு ஓர் ஆடை மிதக்கும். வாட்மன் 1 பேப்பரில் வடிகட்டாமல் ஸ்லைடை இறக்கினால் அது நீலத் துகளாகச் செல்மேல் உட்காரும். சைலீன் பால்போல் கலங்கினால் முந்தைய ஆல்கஹாலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்சல்யூட்டை மாற்றாமல் சைலீனை மட்டும் மாற்றினால் மறுநாள் மறுபடி கலங்கும். செல்களின் மேல் பழுப்புப் பொரியாகத் தெரிவதை லேபில் கார்ன்ஃப்ளேக் என்பார்கள். சைலீன் காய்ந்த பிறகு மவுன்ட் பண்ணியதால் காற்று சிக்கிக்கொண்டது. கவர்ஸ்லிப்பை சைலீனில் கழற்றி, முடிந்தால் ஆல்கஹால் வரை பின்னால் போய்த் திரும்ப வந்தால் சரியாகிவிடும்.

இதில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது ஃப்ளோட்டர். ஒரு நோயாளியின் ஸ்லைடிலிருந்து கழன்ற செல் ஜாரில் மிதந்து இன்னொருவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்வது. செல் அடர்ந்த கேன்சர் ஃப்ளூயிட் இருக்கும் ஜாரிலேயே பேப் ஸ்மியரையும் இறக்கினால் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் கைனக் (பேப் ஸ்மியர்) ஸ்லைடுகளை முதலிலும் மற்றவற்றைத் தனியாகவும், சந்தேகப்படும் ஃப்ளூயிட்டைக் கடைசியிலும் போட வேண்டும். தினமும் வடிகட்ட வேண்டும். எந்த ஃப்ளூயிட் செல் அடர்ந்தது என்று முன்கூட்டியே தெரிய, ஒரு சொட்டில் டொலுயிடின் ப்ளூ சாயம் விட்டு ஈரமாகவே பார்த்துவிடலாம். ஸ்லைடில் மற்ற செல்களிலிருந்து வேறு ஃபோகஸ் தளத்தில் தனியாக நிற்கும் ஒரு கொத்து தெரிந்தால், டயக்னோசிஸ் எழுதுவதற்கு முன் அன்று அதே ராக்கில் என்னென்ன ஓடியது என்று ரெஜிஸ்டரைப் புரட்டுங்கள்.

இனி ஸ்கிரீனிங். 22 க்கு 50 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப், ஃபீல்டு நம்பர் (ஐபீஸ் காட்டும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) 20 உள்ள ஐபீஸ், 10 எக்ஸ் ஆப்ஜெக்டிவ் என்று வைத்துக்கொண்டால் ஒரு பார்வை வட்டம் 2 மில்லிமீட்டர். வரிசைக்கு வரிசை 30 சதவீதம் மேல்கவிந்தால்தான் வட்டத்தின் ஓரத்தில் செல் தப்பாது. ஆக ஒவ்வொரு வரிசைக்கும் நகர்வது 1.4 மில்லிமீட்டர். நீளவாக்கில் 16 வரிசை, ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர். ஒரு ஸ்லைடுக்கு 80 சென்டிமீட்டர் ஓட வேண்டும், அதிலே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள நியூக்ளியஸைத் தேட வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதைப் போலத்தான், கல் இருக்குமா என்பதே தெரியாமல். ஸ்டேஜை விடாமல் ஓட்டக் கூடாது, நகர்த்தி நிறுத்தி நகர்த்த வேண்டும். ஓடும்போது கண் பார்ப்பதில்லை. 4 எக்ஸில் ஸ்கிரீன் பண்ணும் லேபைப் பார்த்தால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளலாம். கண்டன்சரைக் கீழே இறக்கி வெளிச்சத்தைக் குறைக்கும் பழக்கமும் வேண்டாம், குரோமட்டின் பொய்யாகக் கரடுமுரடாகத் தெரியும். தினமும் காலையில் கோலர் செட்டிங் (வெளிச்சத்தைச் சீராக அமைப்பது) செய்ய இரண்டு நிமிடம் போதும்.

செல் போதுமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பேப் ஸ்மியர் ரிப்போர்ட்டுக்கான பெதஸ்டா முறைப்படி சாதாரண ஸ்மியருக்கு 8,000 முதல் 12,000 ஸ்குவாமஸ் (தட்டையான மேலுறை) செல், செல்லைத் திரவத்தில் சேகரித்து மெஷினில் தயாரிக்கும் லிக்விட் பேஸ்டு ஸ்லைடுக்கு 5,000. எண்ணிப் பார்க்க முடியாது, கணக்குப் போடலாம். தின்ப்ரெப் என்ற லிக்விட் பேஸ்டு ஸ்லைடில் செல் படியும் வட்டத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 314 சதுர மில்லிமீட்டர். 5,000 செல்லைப் பரப்பினால் சதுர மில்லிமீட்டருக்கு 16 கூட வராது. ஃபீல்டு நம்பர் 22 உள்ள ஐபீஸில் 40 எக்ஸ் வட்டத்தின் பரப்பு 0.24 சதுர மில்லிமீட்டர்தான். ஆக வட்டத்துக்கு நாலு செல் சராசரியாக இருந்தால் தேறும். வட்டத்தின் நடுவழியே ஒரு கோட்டில் பத்து இடம் எண்ணிச் சராசரி எடுங்கள். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எந்த மைக்ரோஸ்கோப்புக்கு மாறினாலும் அட்டவணை தேட வேண்டியதில்லை. கர்ப்பப்பை வாயின் உட்பக்கத்திலிருந்தும் அதன் எல்லையிலிருந்தும் வரும் எண்டோசர்விகல் அல்லது மெட்டாபிளாஸ்டிக் செல் பத்தாவது இருக்கிறதா என்பதையும் குறியுங்கள். இல்லாவிட்டால் அதைச் சொல்ல வேண்டும், ஆனால் அதற்காக மட்டும் ஸ்லைடை நிராகரிப்பதில்லை. செல்களில் முக்கால் பங்குக்கு மேல் ரத்தமோ சீழோ மறைத்தால்தான் நிராகரிப்பு.

அளவுகோல் ஸ்லைடுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்திலுள்ள சாதாரண இன்டர்மீடியட் (நடு அடுக்கு) செல்லின் நியூக்ளியஸ் சுமார் 35 சதுர மைக்ரான். பரப்பில் அதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு என்றால் ஏ.எஸ்.சி.-யு.எஸ். (உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம்) யோசனை, மூன்று மடங்கைத் தாண்டி ஓரமும் குரோமட்டினும் மாறினால் எல்.எஸ்.ஐ.எல். (லேசான மாற்றம்). பெரிய செல்லைப் பிடிப்பது கஷ்டமில்லை, புதியவர்களும் பிடிப்பார்கள். தப்பிப்போவது சின்ன செல்தான். எச்.எஸ்.ஐ.எல். (தீவிர மாற்றம்) செல்கள் சில நேரம் கொத்தாக வராமல், தனித்தனியாக, சளிக் கோட்டுக்குள் ஒளிந்து, லிம்போசைட் மாதிரியோ ஹிஸ்டியோசைட் மாதிரியோ (சாதாரண நோய் எதிர்ப்புச் செல்கள்) உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்லைடில் பத்துப் பதினைந்துதான் இருக்கும். சளி இழை எங்கே ஓடுகிறதோ அங்கே வேகத்தைக் குறைத்து, சந்தேகம் வந்தால் 40 எக்ஸ் போட்டு நியூக்ளியஸ் ஓரத்தைப் பாருங்கள். மடிப்பும் வெட்டும் இருந்தால் குறிக்க வேண்டியது. மாதவிடாய் நின்ற பெண்களின் ஸ்மியர் இன்னொரு பொறி. அங்கே பாராபேசல் (அடி அடுக்கை ஒட்டிய சின்ன) செல்களே அதிகம் என்பதால் நியூக்ளியஸ் விகிதம் இயல்பாகவே கூடித் தெரியும். நோயாளியின் வயது, கடைசி மாதவிடாய், லூப், ரேடியேஷன் எடுத்த விவரம் இல்லாத ரெக்விசிஷனைத் திருப்பி அனுப்பக் கூச்சப்படாதீர்கள்.

இந்த வேலையின் மன உளைச்சலைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாசிடிவ் கண்டுபிடித்தால் எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். நெகடிவ் என்று ஒதுக்கியதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். தனியாகத்தான் உட்கார்ந்திருப்பீர்கள், தனியாகத்தான் முடிவெடுப்பீர்கள். மருந்து ஒன்றுதான்: ஒதுக்கியதில் ஒரு பங்கை இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் திரும்பப் பார்க்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் 1987-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஸ்கிரீன் பண்ணவைத்த லேபுகளில் கேன்சர் தவறவிடப்பட்டதை வெளிக்கொண்டுவந்தது. அடுத்த வருடமே லேபுகளுக்கான சி.எல்.ஐ.ஏ. திருத்தச் சட்டம் வந்தது. அதன் விதிகள்படி ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் ஸ்கிரீன் பண்ணக் கூடாது, அதையும் 8 மணி நேரத்துக்குக் குறைவாக முடிக்கக் கூடாது, நெகடிவில் குறைந்தது 10 சதவீதம் மறுபார்வைக்குப் போக வேண்டும். நூறு என்பது உச்சவரம்பு, இலக்கு அல்ல. நம்மூர் லேபில் வேலைக்குப் பேசும்போது தினசரி எண்ணிக்கையையும் மறுபார்வை முறையையும் கேளுங்கள். பயிற்சியில் இருக்கும்போது நாளைக்கு 15, 20 ஸ்லைடு ஒழுங்காகப் பார்த்தாலே பெரிது.

இந்தியாவில் எஃப்.என்.ஏ.சி. தெரியாத சைட்டாலஜி ஆளுக்கு வேலை இல்லை. கழுத்துக் கட்டி, தைராய்டு, மார்பகம் என்று வந்துகொண்டே இருக்கும். 23 கேஜ் ஊசி, 10 மில்லி சிரிஞ்ச். குத்துவது டாக்டர், ஸ்மியர் இழுப்பது நீங்கள். ஒரு பாதியை உடனே ஆல்கஹாலில் போட்டு பேப்புக்கு, இன்னொரு பாதியைக் காயவைத்து எம்.ஜி.ஜி. என்ற இன்னொரு ஸ்டெயினுக்கு. காயவைப்பது என்றால் வேகமாக. சென்னை மாதிரி புழுக்கத்தில் தானாகக் காயட்டும் என்று விட்டால் செல் சுருங்கிக் கெட்டுப்போகும். ஃபேன் அடியில் பிடியுங்கள், அல்லது ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்று. துளி பெரிதாக இருந்தால் ரத்தத்தை ஓரத்துக்கு வடியவிட்டுத் துகளை மட்டும் இன்னொரு ஸ்லைடில் நசுக்கி இழுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் லிம்போசைட் நூலாக இழுபட்டுவிடும், அந்த ஸ்லைடில் எதுவும் சொல்ல முடியாது. தைராய்டில் ஒவ்வொன்றிலும் பத்து செல்லாவது உள்ள ஆறு ஃபாலிகுலர் (தைராய்டுச் செல்) கொத்து இருந்தால்தான் போதுமானது. நோயாளி அறையில் இருக்கும்போதே ஒரு ஸ்லைடை வேகமாக ஸ்டெயின் செய்து பார்த்துவிட்டால் அவரை மறுபடி வரவழைக்க வேண்டியதில்லை. கழுத்து நிணநீர்க் கட்டியில் தயிர் மாதிரி வந்தால் ஒரு ஸ்லைடைக் காசநோய்க் கிருமிக்கான இசட்.என். ஸ்டெயினுக்கு ஒதுக்கி, மிச்சத்தை சிபி-நாட் என்ற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். காசநோய் அதிகம் உள்ள நாட்டில் இருக்கிறோம், மாஸ்க் போட மறக்க வேண்டாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் பயிற்சிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஃப்ளூயிட் பற்றிச் சுருக்கமாக. சிறுநீரில் காலை முதல் சிறுநீர் வேண்டாம், ராத்திரி முழுக்க ஊறிய செல் சிதைந்திருக்கும். அடுத்த முறை போவதை வாங்குங்கள். சளி என்றால் அதற்கு நேர்மாறு, காலை எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்தது, மூன்று நாள் தொடர்ந்து. நுரையீரல், வயிற்று நீரை உடனே செய்ய முடியாவிட்டால் 4 டிகிரியில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. அடியில் நிற்கும் வண்டலில் ஒரு பங்கை எப்போதும் செல் பிளாக்குக்கு (மெழுகில் பதித்துத் திசுபோல் வெட்டிப் பார்ப்பது) ஒதுக்குங்கள். ரியாக்டிவ் மீசோதீலியல் செல்லா (எரிச்சலில் மாறிய சாதாரண உறைச் செல்), அடினோகார்சினோமாவா (சுரப்பிச் செல் புற்றுநோய்) என்ற சண்டை ஸ்மியரில் பல நேரம் முடியாது, பிளாக்கில் இம்யூனோ (ஆன்டிபாடி வைத்துச் செய்யும் ஸ்டெயின்) செய்தால்தான் முடியும்.

எதிர்காலம் பற்றிக் கேட்பவர்களிடம் பூசி மெழுக விரும்பவில்லை. பேப் ஸ்மியரை மட்டும் நம்பி இந்தத் துறைக்கு வராதீர்கள். இங்கிலாந்து 2019 இறுதிக்குள் எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனையை முதல் படியாக்கி, ஸ்கிரீனிங் வேலையை எட்டு லேபுகளுக்குள் சுருக்கிவிட்டது. நம் நாட்டில் 2016-இன் வழிகாட்டி நெறிகளே 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் வி.ஐ.ஏ. முறையைத்தான் சொல்கின்றன. எஃப்.என்.ஏ.சி., செல் பிளாக், இம்யூனோ, லிக்விட் பேஸ்டு மெஷின் இவற்றில் கை உள்ளவருக்கு வேலை இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் சாதாரண லேப் டெக்னீஷியனைவிடப் பெரிதாக இருக்காது. தனியாக ஸ்கிரீன் பண்ண விடும் அளவுக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் ஏறும். சைலீன் நெடியில் தலைவலி, மணிக்கணக்காகக் குனிந்து கழுத்துவலி இரண்டும் உறுதி. எக்ஸாஸ்ட் ஓடாத அறையில் மவுன்ட் பண்ணச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஐபீஸை நோக்கி நீங்கள் குனியாமல், நாற்காலியை ஏற்றி ஐபீஸ் உங்கள் கண்ணுக்கு வரும்படி வையுங்கள்.

கடைசியாகக் காகித வேலை. முதல் நாளிலிருந்து லாக்புக் வையுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். லேப் நம்பர், சாம்பிள் வகை, ரிப்போர்ட் வருவதற்கு முன் நீங்கள் நினைத்தது, பேத்தாலஜிஸ்ட் சொன்னது, பயாப்ஸி முடிவு என்று ஐந்து கட்டம் போதும். மூன்றாவதும் நான்காவதும் ஒத்துப்போகாத வரிகளைச் சிவப்பில் வட்டமிட்டு, அந்த ஸ்லைடை மறுபடி கேட்டு வாங்கிப் பாருங்கள். வாரம் ஒரு முறை கையெழுத்து வாங்குங்கள். கோர்ஸ் முடிந்த பிறகு மொத்தமாக நீட்டினால் யாரும் போட மாட்டார்கள். வளைகுடா நாட்டு வேலைக்கு விண்ணப்பித்தால் சான்றிதழ் உண்மையா என்று சரிபார்க்கும் நிறுவனம் நீங்கள் படித்த இடத்துக்கும் வேலை பார்த்த இடத்துக்கும் நேரடியாக எழுதிக் கேட்கும். அங்கிருந்து பதில் வராவிட்டால் ஃபைல் அப்படியே நிற்கும், கட்டிய பணம் திரும்பாது. அனுபவச் சான்றிதழில் ‘லேப் டெக்னீஷியன்’ என்று பொதுவாகப் போடுவதுதான் எச்.ஆர். ஆபீஸின் வழக்கம். ‘சைட்டோடெக்னாலஜிஸ்ட்’ என்ற பதவிப் பெயரும், கைனக், நான்-கைனக், எஃப்.என்.ஏ.சி. ஸ்கிரீனிங் செய்தார் என்ற வரியும், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் லெட்டர்ஹெட்டில் வந்த பிறகே ரிலீவிங் ஆர்டரில் கையெழுத்துப் போடுங்கள்.